உறைகுளிரும் கண்ணொளியும்

நோயைத் தணித்தல் வேறு, இழந்ததை மீட்டல் வேறு என்பதைக் குளுக்கோமாவின் உறைகுளிர்ச் சிகிச்சையே எனக்குத் தெளிவாக்கிற்று.

கண்ணினுள்ளே ஊறும் நீர் வடியாது தேங்கின் அழுத்தம் மிகும். பார்வை நரம்பு நலியும். அந்நீரைச் சுரக்கும் பிசிருடலை உறையச்செய்யும் முறையை 1950இல் இத்தாலிய மருத்துவர் பியெற்றி எடுத்துரைத்தார். பின்னாளில், பூச்சியத்திற்குக் கீழே 60 முதல் 80 பாகை வரை குளிர்ந்த கருவிமுனையை வெண்விழிமேல் ஒரு நிமிடமளவு வைத்தனர்.

ஆண்டுகள் சென்றபின் கண்ட பயன் யாது? பலருக்கு அழுத்தம் தணிந்தது, வலி நீங்கிற்று. ஆயினும் எஞ்சிய பார்வையை இழந்தோரும் பலர்; சிலருக்குக் கண்ணே சுருங்கிற்று. ஆதலின், வேறு வழியற்ற கண்களுக்கே அது உரியதாயிற்று. இன்று பெரும்பாலும் லேசரே அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

எச்சிகிச்சையாலும் இழந்த ஒளி மீளாது. அன்பர்களே, நாற்பதைக் கடந்தோர் குறி தோன்றுமுன்னரே கண்களைச் சோதிப்பித்தல் நன்று.