பால்மர நிரைகளில் ஓவியரின் தேர்வு

கெடா மாநிலத்தில் நேரில் பார்த்து வரைய வாய்ப்பான காட்சிகளுள் பால்மரத் தோட்டமே மிகக் கடினமானது எனலாம். அலோர் ஸ்டாரில் 1912இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாஹிர் பள்ளிவாசலின் கருங்குவிமாடங்களும், நெல்வயல்களுக்கு அப்பால் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையும் பார்வையைத் தாமே இழுத்துக்கொள்ள, நிரை நிரையாக ஒரே அளவில் நிற்கும் கித்தா மரங்களோ எதை முதன்மையாகக் கொள்வது என்ற முடிவை முழுவதுமாக ஓவியரிடமே விட்டுவிடுகின்றன.

நீட்டிய கையின் கட்டைவிரல் அகலமுள்ள சிறு பகுதியை மட்டுமே மனிதக் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகக் காண்கிறது. கண் அங்குமிங்கும் அலைந்து திரட்டுவதை மனம் இணைத்துக்கொள்வதால் எல்லாமே தெளிவாகத் தெரிவதாகத் தோன்றுகிறது. இலை ஒவ்வொன்றையும் வரைய முற்படும் புதியவர் இந்தத் தோற்றத்துக்கே ஏமாறுகிறார். நுணுக்கமும் கூரிய விளிம்பும் ஒளி-நிழல் வேறுபாடும் ஓரிடத்தில் செறிந்து, ஏனையவை அடங்கி நிற்கும்போது அவ்விடம் படத்தின் குவிமையம் ஆகிறது. கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, பெரிய ஒளித்திட்டுகளும் நிழல்திட்டுகளும் மட்டும் எஞ்சுவதால், குவிமையத்தைத் தேர்வது எளிதாகும்.

வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது; அதன்பின் நிரைகளின் ஊடே சாய்வாக நுழையும் காலை ஒளி சில மரங்களின் வெட்டுப்பட்டையில் மட்டும் பட, பால் நிறைந்த மங்கு அந்தப் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே மிக வெண்மையான புள்ளியாகிறது. நீர்வண்ணத்தில் வெண்மை பெரும்பாலும் பூசப்படுவதில்லை, தாளின் வெள்ளையே அப்படியே விடப்படுகிறது. ஆகவே தூரிகை தாளைத் தொடுமுன்பே குவிமையம் முடிவாகியிருக்க வேண்டும். பக்கத்துப் பினாங்கில் ஓவியர்கள் யோங் முன் சென், அப்துல்லா ஆரிஃப் ஆகியோர் கையாண்டதும் இவ்வூடகத்தையே. கெடா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு வந்து, நீண்ட நிழல்கள் மரத்தடிக்குள் ஒடுங்கிவிடும். எனவே காலை நிழல்களைச் சிறு பென்சில் வரைவாக முதலிலேயே குறித்துக்கொள்வது அவசியமாகிறது.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்ட இன்றைய நிலையில், வரைய விழைவோர் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையும் கோயிலையும் நிரையையும் ஒரே தாளில் அடைக்க முயலாது, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து காலந்தாழ்த்தாமல் வரைந்து வைக்க வேண்டும்.