மரத்தகட்டுப் பூவேலை

காட்சிப் பேழையின் கதவிலே மஞ்சள் முதிரையின் நடுவே கருங்காலிப் பூ மலர்ந்திருப்பதைக் கண்டு வியவாதார் யார்? அவ்வழகு முழுதும் ஒரு மில்லிமீற்றர் அளவான தகட்டிலேயே தங்கியுள்ளது. இருநிறத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, நுண்வாளைச் சற்றே சாய்த்து ஒருங்கே அறுத்தால், கருங்காலி இதழ் முதிரையின் துளையில் இடைவெளியின்றிப் பொருந்தும்.

ஒட்டுவதற்கான வச்சிரத்தை நேரே அடுப்பில் வைத்தலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து இளக்குதல் வேண்டும்.

பலரும் தவறுமிடம் இனித்தான் வருகிறது. முகப்பில் மட்டும் தகடு ஒட்டினால், பசை உலர்ந்து சுருங்குகையில் பலகையும் அப்பக்கமே வளையும். கதவு கோணிப் பூட்டாது போகும். அடியேனின் முதற் பேழை அவ்வாறே கெட்டது! ஆதலின், எவரும் நோக்காத உட்புறத்திலும் அதே தடிப்புள்ள தகட்டை, இழையோட்டம் முகப்பினதை ஒத்திருக்க, ஒட்டுக. அதற்கு விலை குறைந்த மரமே போதும்.