தியானமும் தாய்ச்சியும்: நல்ல வகுப்பை அறிவது எவ்வாறு?

மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி தமிழர்க்குப் புதியதன்று. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் யோகத்தின் எட்டு உறுப்புகளை விளக்குகின்றது; தியானம் அவற்றுள் ஏழாவது. ஆயினும், தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் குடியேறிய நம் முதியோருள் பலர், உறக்கமின்றியும் மூட்டுவலியோடும் தனிமையில் வாடுகின்றனர். அவர்கள் தக்க பயிற்சியை எங்கே தேடுவது? தேடிக் கண்டதை எவ்வாறு மதிப்பிடுவது?

தாய்ச்சி

தாய்ச்சி, சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரிடையே 17ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கருதப்படும் போர்க்கலை. அதனைக் கற்ற யாங் லூச்சான் (1799-1872) பெய்ஜிங்கில் பரப்பினார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 நிலைகள் கொண்ட சுருக்கப் பயிற்சியை வகுத்தது. தொடக்க மாணவர்க்கு இதுவே ஏற்றது. ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் முடிந்துவிடும். முதியோர் தடுக்கி விழுவதை இக்கலை குறைக்கின்றது என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

இதைக் கற்பிப்போரைக் காண விளம்பரம் தேடவேண்டியதில்லை. விடியற்காலையில் தித்திவாங்சா ஏரிக்கரைக்கோ, ஏரிப்பூங்கா என நாம் அறிந்திருந்த பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கோ சென்று பார்க்கலாம். “இது சீனர் கலை, நமக்கு எதற்கு?” என ஒதுங்குதல் வேண்டா. கண்டு பழகும் கலைக்கு மொழி பெருந்தடையன்று. எனினும், பிழை திருத்தும்போது ஆசிரியர் கூறுவது விளங்கவேண்டும். ஆதலின், மலாயில் விளக்குவாரா என முன்னரே கேட்டறிக.

தியானம்

1894இல் நிறுவப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் மகாவிகாரை தியானம் பயில விழைவோர் நன்கறிந்த இடம். பத்துமலையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் உள்ளது. அச்சங்கத்தை 1936இல் ரிஷிகேசத்தில் தோற்றுவித்த சுவாமி சிவானந்தர் (1887-1963), பத்தமடையிற் பிறந்த தமிழர். மருத்துவராக 1913இல் மலாயா வந்து, சிரம்பானை அடுத்த தோட்ட மருத்துவமனையில் நம் தொழிலாளர்க்குப் பணியாற்றியவர். 1923இல் இந்தியா திரும்பித் துறவு பூண்டார். ஆகவே, தோட்ட மக்களுக்கும் தியானத்திற்கும் தொடர்பில்லை எனக் கூறுதல் பொருந்தாது.

கோயங்கா (1924-2013) வழியிலான விபாசனா முகாம் பத்து நாள் நீடிப்பது. பேசாநோன்புடன் நாள்தோறும் பத்து மணி நேரம் அளவில் அமரவேண்டும். கட்டணமில்லை, முன்பு பயின்றோரின் நன்கொடையால் நடைபெறுகின்றது. ஆயின், இது கடும்பயிற்சி. மனநோய்க்கு மருந்துண்போர் மருத்துவரைக் கலவாமல் இதில் சேரலாகாது.

ஆசிரியரை அறிதல்

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற அளவுகோலே இங்கும் பயன்படும். பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறாரா? முன்வரிசையில் நின்று தாம் ஆடிக்காட்டுவதோடு நில்லாமல், பின்வரிசைக்கும் வந்து திருத்துகிறாரா? மாணவரின் முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்திற்கு நேராக நிற்கும்படி கவனிக்கிறாரா? முதல் நாளே நோய், வயது பற்றி வினவுகிறாரா? யாரிடம், எத்தனை ஆண்டு கற்றார் என்பதற்கு நேரான விடை தருகிறாரா?

இவற்றுக்கு விடை காண ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்தாலே போதும். பார்க்க விடாதவரிடமும், ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். “மருந்தை நிறுத்துக” என்பவரை விட்டு உடனே விலகவேண்டும்.

இறுதியாக, தொலைவும் கருதத்தக்கது. நெரிசலில் ஒரு மணி நேரம் பயணம் செய்து அடையும் சிறந்த வகுப்பைவிட, நடந்து செல்லத்தக்க நடுத்தர வகுப்பே முதியவர்க்கு நிலைக்கும். பயன் தருவது இடைவிடாப் பழக்கமே. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரின் பாட்டன் பாட்டிமார்க்கு இவற்றை எடுத்துரைத்தால், தனித்திருக்கும் பல முதியோர்க்கு விடியற்பொழுதில் உடனிருக்க நால்வர் கிடைப்பர்.