இடிந்த கோட்டையும் எரியும் உலையும்

மனோரதிய காலம் எனப்படும் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், ஆங்கில ஓவியர் பலர் இடிந்த கோட்டைகளைத் தேடிச் சென்று வரைந்தனர். படைவலியால் ஊரை அடக்கியாண்ட கோட்டை, கொடி படர்ந்து கிடக்கையில் அச்சந் தருவதில்லை; அழகே தருகின்றது. அதன் அடியில் ஓர் இடையனும் சில ஆடுகளும் நின்றாற் காட்சி நிறைவுறும்.

ஆனால், நேயர்களே, அவ்விடையன் ஏன் வாளா நிற்கின்றான்? இக்கலைநெறியை வகுத்தோருள் ஒருவரான வில்லியம் கில்பின் 1786 இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடையுண்டு. அறநோக்கில் உழைப்பாளியே உவப்புக்குரியவன். ஓவிய நோக்கிலோ சோம்பி நிற்கும் குடியானவனே ஏற்றவன் என்பது அவர் கருத்து. பொதுநிலங்கள் சட்டத்தால் வேலியடைக்கப்பட்டு, ஏழைகள் மேய்ச்சலுரிமையை இழந்துவந்த காலம் அது. அத்தகைய படங்களில் அத்துயரின் சாயலுமில்லை. அங்கே காணும் அமைதி நிலவுடைமையாளர் காண விரும்பிய அமைதியாகும்.

டேர்னர் 1832 ஆம் ஆண்டளவில் தீட்டிய டட்லி நகரின் நீர்வண்ண ஓவியம் வேறு வழிச் சென்றது. குன்றின்மேல் மங்கிய ஒளியிற் பாழடைந்த கோட்டை. கீழே கால்வாய்ப் படகுகள், புகைபோக்கிகள், செந்தழல் வீசும் உலைகள். பழைய ஆண்டான் மறையப் புதிய ஆண்டான் எழுந்துவிட்டான் என்பதை ஒரு சொல்லுமின்றி அது உணர்த்துகின்றது. பின்னாளில் அவ்வோவியத்தைத் தம்மிடம் வைத்திருந்த ஜோன் ரஸ்கின், இங்கிலாந்து அடையவிருந்த நிலையையே அதிற் கண்டார்.

ஆதலால், நிலக்காட்சி ஓவியமொன்றைக் காணுமிடத்து அழகை நுகர்வதோடு அமையாது, அந்நிலம் யாருடையது, அதில் உழைத்தவர் எங்கே என்றும் வினவுவோமாக.