ஊர் காலி செய்யப்படுதல்: சென்ட்ரேலியாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளில், நடுவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் இடித்தால் என்னாகும்? மிச்சமிருக்கிற வீடு சாயும். தமிழில் அண்டை என்றால் பக்கத்து வீடு. அண்டக்கொடுத்தல் என்றால் முட்டுக் கொடுப்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சென்ட்ரேலியா என்கிற சின்ன ஊரில், இப்படி அண்டை போன வீடுகளுக்குச் செங்கல்லில் முட்டுத்தூண்கள் வரிசையாக எழுப்பி நிறுத்தினார்கள். புகைப்படங்களில் பார்க்கிறபோது சுவரை ஒட்டிப் புகைபோக்கிகள் முளைத்த மாதிரி இருக்கிறது.

1890இல் இந்த ஊரின் மக்கள்தொகை 2,761. 1980இல் ஆயிரத்துச் சொச்சம். 1990இல் 63. 2020 கணக்கெடுப்பில் 5.

ஐந்து பேர் இருக்கிற இடத்தை எப்படி ஊர் என்கிறது? அந்த மாநிலத்தில் 'பரோ' என்று ஓர் உள்ளாட்சி வகை உண்டு. நகரத்தைவிடச் சிறியது, மேயரும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் கொண்டது, 900க்கு மேல் இருக்கின்றன. பரோ என்பது வீடுகளின் கூட்டமோ ஜனங்களின் கூட்டமோ மட்டுமில்லை. கோயில் சாமிக்குச் சொத்து இருப்பதுபோல, வழக்குப் போட முடிவதுபோல, அதுவும் ஒரு சட்ட நபர். 1866இல் சென்ட்ரேலியா அப்படி ஒரு நபராயிற்று. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது நிலக்கரி ஊர். ஆந்த்ரசைட் என்னும் கெட்டிக் கரி. 1962 மே மாதம், போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளுக்கு முன்பாக, இடுகாட்டை ஒட்டிய குப்பைக் கிடங்கைச் சுத்தப்படுத்துகிறோம் என்று மன்றத்தின் ஏற்பாட்டில் தீ வைத்தார்கள் - பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற விவரம் இது. கிடங்கு என்பது கரி வெட்டிவிட்டுக் கைவிட்ட பள்ளம்தான். தீ குப்பையோடு நிற்காமல் ஓட்டை வழியே கரிப்படுகைக்குள் போய்விட்டது. ஆந்த்ரசைட் சட்டென்று பற்றாது. பற்றினால் லேசில் அணையாது. நூறு வருஷம் தோண்டித் தோண்டி விட்டுவிட்டுப் போன சுரங்க வழிகளே காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கிற குழல்களாகிவிட்டன. கரி சாம்பலானதும் மேல்மண் தாங்க ஆளில்லாமல் உள்வாங்கும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெடிப்புகள் வழியாக ஏறி வீடுகளின் நிலவறைகளில் தேங்கும். தீயை மூட்டியது ஒரு தீக்குச்சிதான் என்றாலும் அது போகிற வழியை முந்தின நூறு வருஷத்து முதலாளியம் வெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஆரம்பத்தில் வெட்டியெடுத்து அணைத்திருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்தார்கள், தோண்டினார்கள், பணம் தீர்ந்தது, தீ நகர்ந்தது. இதே கதை திரும்பத் திரும்ப. 1966இல், தீ பிடித்து நான்கு வருஷமான பிறகு, ஊர் நூற்றாண்டு விழா கொண்டாடியது. 2016இல் திறக்க வேண்டும் என்று நினைவுப் பொருட்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறக்க ஆளிருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. (யாரோ தோண்டப் பார்த்ததால் 2014லேயே திறக்க வேண்டியதாயிற்று. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது.)

1979இல், மேயராகவும் இருந்த பெட்ரோல் பங்க் உரிமையாளர் ஒருவர் நிலத்தடித் தொட்டியில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார். பெட்ரோலின் சூடு 172 டிகிரி ஃபாரன்ஹீட். 1981 பிப்ரவரி 14 அன்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் காலடியில் மண் திறந்துகொண்டது. வேர் ஒன்றைப் பற்றிக்கொண்டு தொங்கியவனை அவனுடைய உறவுப் பையன் இழுத்துப் போட்டான். அன்றைக்குப் பார்த்து மக்கள் பிரதிநிதிகளும் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியும் அந்தப் பகுதியில் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. பத்தொன்பது வருஷப் புகைக்குக் கிடைக்காத கவனம் ஒரு பள்ளத்துக்குக் கிடைத்தது.

1983இல் கணக்குப் போட்டார்கள். முழுக்கத் தோண்டி அணைக்க 66 கோடி டாலருக்கு மேல் ஆகும். ஆட்களை வெளியேற்ற 4.2 கோடி போதும். நாடாளுமன்றம் இரண்டாவதற்குப் பணம் ஒதுக்கியது. அதற்கு முன் வீட்டுக்காரர்கள் வாக்களித்தபோது போகலாம் என்றவர்கள் 345 பேர், வேண்டாம் என்றவர்கள் 200 பேர். போனவர்களைக் கோழைகள் என்றும் இருந்தவர்களை மண்ணின் மைந்தர்கள் என்றும் எழுதிவிடுவது சுலபம். குழந்தை தூங்குகிற அறையில் வாயுமானி கத்துகிற வீட்டில் இருந்துவிட்டு அப்படி எழுதட்டும். சமூகவியலாளர்கள் க்ரோல்-ஸ்மித், கௌச் இருவரும் 1990இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, நிஜமான பேரழிவு தரைக்கு மேலே இருக்கிறது என்பதுதான். ஆபத்து எவ்வளவு, எந்தத் தெருவரைக்கும் என்பதில் ஊர் பிளந்தது. கண்ணுக்குத் தெரியாத வாயு. அளக்கிற கருவி அரசாங்கத்தின் கையில். அளவைக்கு அர்த்தம் சொல்கிற உரிமை யாருக்கு என்பதில்தான் ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள்.

1992இல் ஆளுநர் பாப் கேசி நிலக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி மிச்சமிருந்த வீடுகளையும் அரசுடைமையாக்கினார். அணைக்காகவும் சாலைக்காகவும் நிலம் எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். இங்கே எடுத்த நிலத்தில் ஒன்றும் வரப்போவதில்லை. யாரும் இருக்கக் கூடாது என்பதே 'பொதுப் பயன்'. நவீன அதிகாரம் கொல்வதைவிட வாழவைப்பதன் மூலமாகவே ஆள்கிறது என்று ஃபூக்கோ 1976 வாக்கில் சொன்னதை (அவரை இழுக்காமல் எழுத முடியாதா என்று கேட்காதீர்கள்) இங்கே பொருத்திப் பார்த்தால் ஓர் இடம் இடிக்கிறது. வாழவைக்க வேண்டிய காலத்தில், அதாவது தீ சின்னதாயிருந்த வருஷங்களில், இந்த அதிகாரம் எங்கே போயிருந்தது? அக்கறை தாமதமாக வந்தது. வந்தபோது புல்டோசரோடு வந்தது.

2002இல் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் எடுத்துவிட்டார்கள். கடிதம் போட முகவரி இல்லை.

இப்போது அந்தச் சட்ட நபருக்கு வருவோம். ஊருக்கடியில் இருக்கிற கரியின் மீதான உரிமை பரோவுக்கு இருக்கிறது. பரோ செத்தால் அது அரசுக்குப் போய்விடும். அதற்காகத்தான் எங்களைத் துரத்துகிறார்கள் - தங்கிவிட்டவர்கள் பலர் சொன்னது இது. அரசு மறுத்தது. சதி என்று நான் நம்பவில்லை. எரிகிற கரிக்கு இத்தனை வருஷம் யார் காத்திருப்பார்கள்? ஆனாலும் அந்தச் சந்தேகத்தைக் கிறுக்குத்தனம் என்று தள்ள முடியவில்லை. மேலே இருக்கிறவனுக்கு வீடும் கீழே இருக்கிறதுக்குக் கம்பெனியும் என்று பிரித்து எழுதின பத்திரங்களோடு நூற்றாண்டாய் வாழ்ந்தவர்கள், காலுக்கடியில் என்ன பேரம் நடக்கிறது என்று கேட்பதில் ஆச்சரியமென்ன?

ஊர் காலியானதும் கூட்டம் வந்தது. மூடிக் கிடந்த 61ஆம் எண் நெடுஞ்சாலைத் துண்டு முழுக்க வண்ணத்தில் கிறுக்கிவைத்தார்கள். பேய்ப்பட ரசிகர்கள் 'பேய் ஊர்' பார்க்க வந்தார்கள். பேயென்று சொல்லப்பட்டவர்கள் ஜன்னல் வழியாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஏப்ரலில் மண்ணைக் கொட்டிச் சாலையை மூடிவிட்டார்கள். வடக்கே மலைச்சரிவில் 1911இல் கட்டின உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம் மட்டும் பாறைமேல் நிற்பதால் தப்பித்தது. வெளியூர் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பூசைக்கு அங்கே வருகிறார்கள், கல்லறைகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். செத்தவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

தங்கியவர்கள் போட்ட வழக்கு 2013 அக்டோபரில் சமரசத்தில் முடிந்தது. 3,49,500 டாலர் பணமும், ஆயுள் உள்ளவரை அவரவர் வீட்டில் இருந்துகொள்ளும் உரிமையும். விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது. ஒருவர் இறந்தால் அந்த வீடு அரசுக்குப் போகும்.