உலையின் உள்மூச்சும் வெளிமூச்சும்

எரியும் நெருப்புக்குக் காற்று வேண்டும். எரிந்தபின் எஞ்சும் வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். நம் நாட்டுச் சமையற்கட்டுகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. கதவும் சாளரமும் காற்றைத் தருகின்றன. புகைக்கூடும் ஓட்டிடுக்குகளும் புகையைப் போக்குகின்றன. ஆனால், கடுங்குளிர் நாடுகளில் நிலைமை வேறு. நம்மவர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில், மாரிகாலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு. ஆதலின், வீடுகள் காற்றுப் புகாவண்ணம் இறுகக் கட்டப்படுகின்றன. நிலக்கீழ் அறையில் இயற்கை எரிவாயுவால் எரியும் உலையொன்று வீடு முழுவதையும் சூடாக்குகின்றது. அடைத்த வீட்டினுள் எரியும் அவ்வுலை மூச்சு விடுவது எங்ஙனம்?

பழைய உலைகள் புகைக்கூட்டை நம்பியிருந்தன. வெம்மை மிக்க வாயு தானே மேலெழுந்து சென்றது. அதனுடன் வெப்பத்தின் கணிசமான பகுதியும் வீணாயிற்று. இக்கால உலைகள், கழிவு வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகும்வரை வெப்பத்தைப் பிரித்தெடுக்கின்றன. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வீட்டுக்குக் கிடைக்கின்றது. இவ்வாறு குளிர்ந்த வாயு தானே மேலெழாது. எனவே, சிறு விசிறியொன்று அதனைப் பிளாஸ்ரிக் குழாய்வழியே சுவருக்கு வெளியே தள்ளுகின்றது. மற்றொரு குழாய் வெளிக்காற்றை உலைக்குக் கொணர்கின்றது. ஒன்று உள்மூச்சு, மற்றது வெளிமூச்சு.

உள்மூச்சுக் குழாய் எதற்கு, வீட்டுக் காற்றே போதாதா எனச் சிலர் வினவலாம். உலை வீட்டுக் காற்றை உண்டால், அதனை ஈடுசெய்யக் குளிர்காற்று இடுக்குகள்வழி உள்ளே புகும். மேலும், சலவைப் பொருள்களிலிருந்து எழும் குளோரீன் கலந்த ஆவி நெருப்பிற் பட்டு அமிலமாகி உலையின் உலோகத்தை அரிக்கும்.

வெளிமூச்சுக் குழாயைப் பொருத்துகையில் முதலிற் கவனிக்க வேண்டியது சரிவு. குழாயினுள் படியும் நீர் அமிலத் தன்மையுடையது; அது உலைப் பக்கமாகவே வழிந்து வடிகாலைச் சேர வேண்டும். அதன்பொருட்டு, ஓரடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்ற அளவில் குழாய் உலையை நோக்கித் தாழ வேண்டும். பத்தடிக் குழாயாயின் தாழ்வு இரண்டரை அங்குலம். தாங்கிகள் போதாமற் குழாய் நடுவில் தொய்ந்தால், அவ்விடத்தில் நீர் தேங்கி வழியை அடைக்கும். ஒவ்வொரு வளைவும் காற்றோட்டத்தைத் தடுப்பதால், குழாயின் நீளமும் வளைவுகளின் தொகையும் தயாரிப்பாளர் வகுத்த எல்லையை மீறலாகாது. விசிறியின் அழுத்தத்தில் வாயு செல்வதால், ஒட்டுச் சரியில்லாத மூட்டு ஒவ்வொன்றும் நச்சு கசியும் துவாரமாகும்.

அடுத்தது குழாய்களின் வாய் அமையும் இடம். எதிர்பார்க்கப்படும் பனிக்குவியலின் மட்டத்துக்கு மேல் 12 அங்குலமாவது அவை உயர்ந்திருத்தல் வேண்டும். கழிவு வாயு மீண்டும் உள்ளே இழுக்கப்படாதவாறு இரண்டுக்கும் இடைவெளி விடவேண்டும். சாளரங்களிலிருந்தும் உரிய தூரம் வேண்டும். நடைபாதையின் மேல் வெளிக்குழாயை வைத்தால், சொட்டும் நீர் உறைந்து வழுக்கும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? எரிதல் குறைவுறும்போது தோன்றும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் குருதியிற் பற்றிக்கொள்வது. தலைவலியும் மயக்கமும் அதன் முதற் குறிகள். உறங்குபவர் அவற்றையும் உணரார். 2008 ஆம் ஆண்டு டிசம்பரில், ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் தாய், தந்தை, மக்கள் இருவர் என ஒரு குடும்பமே மாண்டது. அத்துயரின் பயனாக, இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை வீடுகளிற் பொருத்த வழிவகுக்கும் சட்டம் 2013 இல் அம்மாகாணத்தில் நிறைவேறியது.

ஆகவே, இக்குழாய்களைப் பொருத்துவது உரிமம் பெற்ற தொழிலாளரின் பணி. வீட்டாரின் கடமையோ அதன்பின் தொடங்குகின்றது. பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் வெளியே சென்று, இரு குழாய்களின் வாயும் திறந்துள்ளனவா எனப் பார்த்து, மூடியிருந்தாற் கையாற் பனியை விலக்க வேண்டும்.

இவ்வுண்மை குளிர்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவின் குளிரிரவில், கதவையும் சாளரத்தையும் அடைத்துக் கரிநெருப்புச் சட்டியை அருகில் வைத்து உறங்குவோர்க்கும் இதே வாயு எமனாகலாம். நெருப்பு எங்கே எரிந்தாலும் அதற்கு உள்வழியும் வெளிவழியும் உண்டா என்று பார்த்த பின்னரே கண்ணயர வேண்டும்.