தலைமதகில் பிறக்கும் நாதம்

நீடாமங்கலத்துக்கு அருகே உள்ள மூணாறு தலைப்பில், வந்து சேரும் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து ஓடுகிறது. அங்கே ஷட்டரை ஒரு சாண் ஏற்றினாலும் இறக்கினாலும் அதன் விளைவு கீழே உள்ள வாய்க்கால் அனைத்திலும் தெரியும். கடைமடையில் ஒரு மடையைத் திருத்தினாலோ அதன் பயன் அந்த மடை பாயும் வயல்களோடு நின்றுவிடும். தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையால் (1894–1949) இசையுலகில் பெயர் பெற்ற இந்த ஊரின் பாசன விதி, காற்றை ஊதி இசைக்கும் துளைக்கருவிகளுக்கும் ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. கிளாரினெட்டின் நாதம் தேறவில்லை, சுருதி சேரவில்லை என்னும்போது எந்தப் பகுதியை மாற்றுவது என்ற கேள்விக்கு விடை காண, அந்தப் பகுதி காற்றோட்டத்தின் தலைமதகில் இருக்கிறதா, கடைமடையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் பிறந்த கிளாரினெட், 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நட்டுவனார் மகாதேவன் வழியாகச் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது என்பது இசை வரலாற்றாளர் கூற்று. நாகசுரத்தில் பயிற்சி பெற்றுப் பின்னர் இக்கருவிக்கு வந்த ஏ.கே.சி. நடராஜன், கர்நாடக இசைக் கச்சேரியில் அதற்குத் தனி இடம் தேடித் தந்து 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். கழற்றிப் பூட்டும் வகையில் அமைந்த இக்கருவியில், அதிரும் நாணல் தட்டையான ரீடு, அதைத் தாங்கும் வாய்ப்பகுதியான மவுத்பீஸ், அதற்குக் கீழே பீப்பாய் வடிவில் உள்ள பேரல், துளைகளும் சாவிகளும் கொண்ட மேல், கீழ் உடல் துண்டுகள், கடைசியில் விரிந்த பெல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன.

ஒலி எழும் இடம் ரீடு. ஊதும் காற்றின் அழுத்தத்தால் அது மவுத்பீஸின் வாயை நொடிக்குப் பல நூறு முறை மூடித் திறக்க, குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண் தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்தில் அதிர்ந்து, ரீடையும் அதே வேகத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் விளிம்புக்கும் இடையே உள்ள திறப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்; அதில் மயிரிழை அளவு மாற்றம் நேர்ந்தாலும் ஊதத் தேவையான அழுத்தமும், நாதத்தின் கூர்மையும், கமகத்துக்காக உதட்டால் சுரத்தை வளைக்கும் வசதியும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. எந்தச் சுரத்தை வாசித்தாலும் இந்த வாயிலைக் கடந்தாக வேண்டும் என்பதால், கருவியிலேயே மிகக் குறைந்த விலையுள்ள ரீடும் அதற்கடுத்த மவுத்பீஸும் எல்லாச் சுரங்களையும் ஆளுகின்றன.

ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

அடுத்து வரும் பேரலின் வேலையை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். எல்லாத் துளைகளையும் மூடி ஊதும்போது எழும் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு, வழக்கமான பி-பிளாட் கிளாரினெட்டில் அதிரும் காற்றுத் தூணின் நீளம் ஏறத்தாழ 59 சென்டிமீட்டர். விரல் துளைகளையெல்லாம் திறந்துவிட்டு ஊதும் சுரத்துக்கு அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். பேரலை 1 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் இரண்டு தூண்களும் அதே 1 மில்லிமீட்டர்தான் நீள்கின்றன என்றாலும், நீண்ட தூணுக்கு அது அற்பம், குறுகிய தூணுக்கு அது கணிசம். அரைச்சுர இடைவெளியை நூறாகப் பகுத்து அதில் ஒரு பங்கைச் 'சென்ட்' என்று ஒலியியலார் அழைப்பர். அந்த அளவில் தாழ்ந்த சுரம் 3 சென்ட் இறங்க, குறுந்தூண் சுரம் 7 சென்ட் இறங்குகிறது. இந்த 7 சென்ட் வேறுபாடு, அதே சுரத்தில் நிற்கும் சுருதிப்பெட்டியோடு சேரும்போது, நொடிக்கு ஒன்றிரண்டு முறை எழுந்து தணியும் அலைவாகக் காதுக்கே எட்டும். ஆகவே சுருதி முழுவதும் ஒரே அளவாக ஏறி நிற்கிறதா, குறுந்தூணில் எழும் கழுத்துப் பகுதிச் சுரங்கள் மட்டும் ஏறி நிற்கின்றனவா என்று பிரித்தறிந்த பின்பே பேரலின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

காவிரிப் படுகையின் கோடை இக்கணக்கை மேலும் முக்கியமாக்குகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டராக உள்ள ஒலியின் வேகம் 35 டிகிரியில் ஏறத்தாழ 352 மீட்டராகிவிடுவதால், குழலின் நீளம் மாறாத நிலையிலும் சுருதி இரண்டரை சதவீதம் வரை, அதாவது அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, உயரக்கூடும். ஊதுபவரின் மூச்சு குழலை ஏற்கெனவே ஓரளவு சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் இந்த ஏற்றம் சற்று மட்டுப்படுகிறது. சூட்டில் மரம் விரிவதால் சுருதி மாறுகிறது என்று பலர் எண்ணினாலும், மாறுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றின் தன்மையே. குளிர்நாட்டு வெப்பநிலையைக் கருத்தில் கொண்டு செய்யப்பட்ட கருவியைச் சித்திரை மாதத்துத் திருவிழாவில் வாசிப்பவருக்கு, சற்றே நீண்ட இரண்டாவது பேரல் ஒன்று கையில் இருப்பது வீண் செலவாகாது.

கண்ணைக் கவரும் பெல்லோ கடைமடையில் இருக்கிறது. நடுச் சுரங்களை வாசிக்கும்போது திறந்திருக்கும் முதல் சில துளைகள் வழியாகவே ஒலி பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், பெல்லின் ஆட்சி ஏறத்தாழ எல்லாத் துளைகளும் மூடப்படும் ஒருசில சுரங்களோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சுரங்களில் மட்டும் குறை இருந்தால் பெல்லை மாற்றலாம். மற்றபடி புதிய பெல் கருவிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடும். மரத்தின் வகை பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே அளந்து பார்க்கத் தக்கது. அமெரிக்க ஒலியியலாளர் ஜான் பாக்கஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்து ஒலிக்கும் நாதத்தில் குழல் சுவரின் அதிர்வுக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். நல்ல மரத்தின் சிறப்பு, கடைந்த அளவு கோணாமல் நிற்பதிலும், உட்புறம் வழவழப்பாகவும் துளை விளிம்புகள் சீராகவும் அமைவதிலும் அடங்கியிருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மேல் துண்டை மட்டும் கழற்றி, துளைகளை விரல்களாலும் அடிப்புறத்தை உள்ளங்கையாலும் அடைத்துக்கொண்டு, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியபின் உள்ளே உண்டாகும் இழுப்பு சில விநாடிகள் நீடித்தால் துண்டு கசிவற்றது. உடனே தளர்ந்துவிட்டால், சாவிகளின் அடியில் துளையை அடைக்கும் மெத்தைகளான பேடுகளில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. உடைப்பெடுத்த கரையை அடைக்காமல் ஷட்டரைத் திருத்துவதால் எவ்வாறு பயனில்லையோ, அவ்வாறே கசியும் குழலுக்கு விலை உயர்ந்த மவுத்பீஸ் வாங்குவதாலும் பயனில்லை.

நாகசுரம் காட்டும் வழி

இந்த முறைமையைக் காவிரிப் படுகையின் கைவினைஞர்கள் நாகசுரத்தில் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். வாயில் வைக்கும் இரட்டை நாணலான சீவாளி, அதைச் செருகும் சிறிய உலோகக் குழலான கெண்டை, ஆச்சா மரத்தில் கடைந்த உடலான உலவு, அடியில் விரியும் அணைசு என்னும் வரிசை கிளாரினெட்டின் வரிசையை ஒத்தது. உலவு கடையும் கலைக்குப் பெயர் பெற்ற நரசிங்கம்பேட்டையின் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. சீவாளி செய்வதோ அருகில் உள்ள திருவாவடுதுறையில் தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. நாதத்தைத் தொடங்கிவைக்கும் சிறு பொருளுக்கென்றே ஓர் ஊரில் தனிக் கைத்திறன் வேரூன்றியிருப்பது, அதன் முக்கியத்துவத்தை இம்மண் எவ்வளவு நன்கு உணர்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

நாகசுரத்தின் உட்குடைவு மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. அந்தக் கூம்பின் கூர்நுனி வெட்டப்பட்ட இடத்தில் சீவாளியும் கெண்டையும் அமர்வதால், அவ்விரண்டும் சேர்ந்து அடக்கும் காற்றின் அளவு, வெட்டுண்ட நுனி அடக்கியிருக்கக்கூடிய அளவுக்கு இணையாக இருந்தால்தான் மத்திய ஸ்தாயியும் தார ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேரும். அந்த அளவு மிகுந்துவிட்டால் மேல் ஸ்தாயி தணிந்து ஒலிக்கும். ஒரு தனிச் சுரம் மட்டும் சற்று ஏறி நின்றால், அதற்குரிய துளையின் விளிம்பில் மெழுகு ஒட்டி அதைக் குறுக்குவதே போதுமானது. ஏழு விரல் துளைகளுக்கும் கீழே, விரல் படாத ஐந்து துளைகள் இருப்பதும் மெழுகால் சுருதியைச் செப்பனிடுவதற்கே.

எனினும் தலைமதகில் தீராத குறைகளும் உண்டு. 4, 5 கட்டைச் சுருதியில் ஒலித்த குறுகிய திமிரி நாகசுரத்தை விடுத்து, 2, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தைத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை கையில் எடுத்தபோது, சுத்த மத்திமம் துல்லியமாகப் பேசும் வகையில் அதை உருவாக்கித் தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. குழலின் நீளத்திலும் துளைகளின் இடத்திலும் அமைந்துவிட்ட குணத்தை எந்தச் சீவாளியாலும் மாற்ற இயலாது என்பதால், அங்கே கருவியையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. கிளாரினெட்டிலும் துளைகளின் இடமே பிழையாக இருந்தால், பகுதி பகுதியாகச் செலவழிப்பதைவிட வேறு கருவி தேடுவதே முறை.

அத்தகைய பிழை இல்லாத கருவிக்கு வரிசை தெளிவானது: முதலில் கசிவை அடைத்தல், பின்னர் ரீடு, அடுத்து மவுத்பீஸ், அதன்பின் பேரல், எல்லாவற்றுக்கும் இறுதியாகப் பெல். இந்த வரிசையை ஏட்டில் தேட வேண்டிய தேவையும் இல்லை. கோயில் வாசலில் நிற்கும் எந்த நாகசுரத்தை உற்று நோக்கினாலும், மேல்முனைக்கு அருகே நூலில் கோத்த மாற்றுச் சீவாளிகள் சிலவும், அவற்றைச் செப்பனிடும் ஊசியும் கொத்தாகத் தொங்கும். மாற்று அணைசைத் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் புறப்படும் வழக்கம் எங்கும் இல்லை.